இலவசக் கல்வியா? இரவற் கல்வியா?

பல்கலைக்கழகக் கல்விக்குக் கட்டணம் அறவிடவேண்டும் என்னும் குரல் இந்நாட்டில் அடிக்கடி எழுகின்றது. திறைசேரி வறளும் ஒவ்வொரு வேளையிலும் அக்குரல் ஓங்குகின்றது. "எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்றால் நாடு தாங்குமா? வசதியுள்ளவன் கட்டட்டும், வசதியில்லாதவன் கடன் எடுத்துப் படிக்கட்டும், உழைத்து அடைக்கட்டும்" என்பதே அதன் சாரம். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும் வாதம் இது. அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்பதைப் பிரித்துக் காட்டுவதே இன்று எமது நோக்கம்.

இரு சாராரை மனத்திற்கொண்டு இதனை எழுதுகின்றோம். ஒரு சாரார், இலவசக் கல்வியின் தோளேறி வைத்தியராகவும் பொறியியலாளராகவும் சட்டத்தரணியாகவும் கணக்காளராகவும் உயர்ந்த எம்மவர். மறு சாரார், மகனையோ மகளையோ அவ்வாறு உயர்த்திவிடலாம் என்னும் ஒரே நம்பிக்கையில் தோட்டத்திலும் வயலிலும் முதுகொடிய நிற்கும் கமக்காரர். இவ்விரு சாராரும் வேறு வேறு சாதியினர் அல்லர், ஒரே குடும்பத்தவர். ஒருவரின் தந்தை மற்றவர். ஒருவரின் தம்பி மற்றவர். ஆயினும் கட்டணம் என்ற பேச்சு எழுந்தவுடன் முதலாமவருட் சிலர், இரண்டாமவரை மறந்து பேசுவதை நாம் கேட்கின்றோம். அதனாலேயே எழுதவேண்டியதாயிற்று.

வந்த வழி

1921 ஆம் ஆண்டு கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942 ஆம் ஆண்டு அதுவும் 1870 இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயின. அக்காலத்தில் அதன் வாயிலை மிதித்தவர் யார்? ஆங்கிலக் கல்லூரியிற் கட்டணம் கட்டிப் படிக்க வகையுள்ள வீட்டுப் பிள்ளைகளே. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவன் தன் மகனைக் கொழும்புக்கு அனுப்பவேண்டுமாயின் தோட்டக் காணியை ஈடு வைத்தான். மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்தான். அதுவும் போதாதபோது மகனின் படிப்புச் செலவைப் பொறுக்க முன்வரும் சம்பந்தி வீட்டைத் தேடினான். இவை ஒன்றும் இயலாதவன் மகன் மண்வெட்டியைத் தோளில் வைத்தான். அவன் அறிவிற் குறைந்தவன் என்பதனாலன்று; அவன் தந்தையிடம் ஈடு வைக்கக் காணி இல்லாதபடியால்.

1940 ஆம் ஆண்டு நியமிக்கப்பட்டு, கல்வி மந்திரி சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் இயங்கிய விசேட குழு 1943 ஆம் ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. பெருங்கூச்சலுக்கும் எதிர்ப்புக்கும் இடையில், 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் ஈறாகக் கல்வி இலவசமாயிற்று. நாடு அப்போது செல்வத்திற் புரளவில்லை. உலக யுத்தம் முடிந்து மாதங்களே ஆகியிருந்தன. அரிசி பங்கீட்டில் வழங்கப்பட்ட காலம் அது. நாடு பணக்கார நாடானபின் இலவசக் கல்வியைப் பற்றி யோசிப்போம் என்று அன்றைய அரசாங்க சபை சொல்லியிருந்தால், இன்று எம் மத்தியில் உள்ள வைத்தியருட் பாதிப்பேர் எங்கே இருந்திருப்பர் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும். கன்னங்கரா அவர்கள் கட்டணத்தை நீக்கியதோடு நின்றுவிடவில்லை. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகளை அமைத்தார்; அவற்றோடு விடுதிகளை அமைத்தார்; ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறும் ஏழைப் பிள்ளைகள் அவ்விடுதிகளில் உண்டு உறங்கிப் படிக்கப் புலமைப்பரிசில் வகுத்தார். பசித்த வயிற்றுக்குக் கட்டணமில்லாப் பாடம் மாத்திரம் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தோர்க்கு அது தெரியாமற் போனது விந்தையே.

யாருடைய பணம்?

"வரி கட்டுவோர் பணத்தில் இலவசமாகப் படிக்கிறார்கள்" என்று சொல்லும்போது, வரி கட்டுவோர் வேறு, படிப்போரின் பெற்றோர் வேறு என்பது போல ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றனர். இது பெரும் பொய். இந்நாட்டு அரசாங்கத்தின் வரி வருவாயிற் பெரும்பகுதி மறைமுக வரிகளாலேயே வருகின்றது. வருமான வரிப் பத்திரத்தை வாழ்நாளிற் கண்டறியாத கமக்காரன், சவர்க்காரம் வாங்கும்போது வரி கட்டுகின்றான். சைக்கிள் ரயர் வாங்கும்போது வரி கட்டுகின்றான். 2024 ஆம் ஆண்டு ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டபோது, அது மாளிகையில் வாழ்பவனிடமும் குடிசையில் வாழ்பவனிடமும் ஒரே வீதத்தில் கையை நீட்டிற்று. மாளிகையில் வாழ்பவன் தன் வருவாயிற் சிறு பங்கைச் செலவிட்டு மிகுதியைச் சேமிக்கின்றான். குடிசையில் வாழ்பவன் தன் வருவாய் முழுவதையும் செலவிட்டு முழுவதற்கும் வரி செலுத்துகின்றான்.

ஆகவே கமக்காரனின் பிள்ளை பல்கலைக்கழகத்தில் எவர் வீட்டுத் தருமச் சோற்றையும் உண்ணவில்லை. தகப்பன் முன்கூட்டியே கட்டிவிட்ட கட்டணத்தின் பயனையே பெறுகின்றது. அதே பிள்ளையிடம் வாயிலில் நின்று மீண்டும் கட்டணம் கேட்பது, ஒரு பண்டத்துக்கு இருமுறை விலை வாங்குவதாகும்.

அது மாத்திரமோ? பிள்ளையைப் படிப்பிக்க முடியாத கமக்காரனும் அதே வரியைக் கட்டுகின்றான். அவன் கட்டிய வரியிலேதான் இன்று நகரத்துத் தனியார் வைத்தியசாலையில் அவனிடமே பணம் பெற்று அவனைப் பார்வையிடும் விசேட வைத்தியரும் படித்தார். இதை நாம் பழியாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கின்றோம். இந்தக் கணக்கு எழுதப்பட்ட ஏட்டை மூடிவைத்துவிட்டு, "இனி வருகிறவன் காசு கட்டட்டும்" என்று சொல்பவர், தாம் ஏறிய ஏணியை எட்டி உதைப்பவர் ஆவர்.

கட்டணம் இல்லை, சோறும் இல்லை

இலவசக் கல்வியைக் காக்கவேண்டும் என்று நாம் சொல்வதால், இன்று உள்ளது இலவசக் கல்வி என்று ஒப்புக்கொள்வதாக எவரும் எண்ணவேண்டாம். உள்ளது, விரிவுரைக்குக் கட்டணம் இல்லாமை மாத்திரமே. கிளிநொச்சியிலிருந்து பேராதனைக்கும், வாகரையிலிருந்து மொறட்டுவைக்கும் செல்லும் பிள்ளைக்கு விரிவுரை இலவசம், அறை வாடகை இலவசமன்று, சோறு இலவசமன்று, பிரயாணம் இலவசமன்று, நூலும் கணினியும் இலவசமல்ல. முதலாண்டும் இறுதியாண்டும் விடுதியில் இடம் கிடைத்தாலும், இடையில் வெளியே அறை தேடி அலையும் மாணவர் எத்தனை பேர்!

இக்குறையைத் தீர்க்கவே 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தினால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் அமைக்கப்பட்டது. அக்கால வர்த்தக மந்திரி லலித் அத்துலத்முதலி அவர்களின் முயற்சி அது. வர்த்தகக் கண்காட்சிகளின் வருவாயும் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் பணமும் அதன் ஊற்றுக்கள். நல்ல முயற்சியே, மறுப்பதற்கில்லை. ஆயின் ஏழை மாணவனின் உணவு, இன்னோர் ஏழை வாங்கும் அதிர்ஷ்டச் சீட்டில் தொங்கவேண்டியதாயிற்று என்பதையும் மறப்பதற்கில்லை.

அப்புலமைப்பரிசிலின் கதி என்ன? மாதம் 5,000 ரூபா என்று நின்ற தொகை ஆண்டுக்கணக்காக அசையவில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதெனக் கைவிரித்தது. டொலர் ஒன்றின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70 ஐ எட்டியது. பாண் விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. அறை வாடகை ஏறியது. 5,000 ரூபா மாத்திரம் ஏறவில்லை. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேதான் மகாபொல 7,500 ரூபாவாகவும், ஏனைய உதவிப்பணம் 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. விலை உயர்ந்தபின் மூன்றாண்டு காத்திருந்து கிடைத்த உயர்வு அது. இடைப்பட்ட மூன்றாண்டும் அம்மாணவர் எதைத் தின்று படித்தனர் என்று எவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு அப்பணந்தானும் உரிய மாதத்தில் வந்துசேர்வதில்லை என்னும் முறைப்பாடு மாணவர் மத்தியில் ஓய்ந்தபாடில்லை.

அந்த ஆண்டுகளில் கமக்காரனின் நிலை எதுவோ? 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோகத்துப் பயிர் மஞ்சளித்து நின்றது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் விளைச்சல் விழுந்தது. வயலில் விளைச்சலும் இல்லை, பிள்ளையின் கையிற் போதிய உதவிப்பணமும் இல்லை என்றாகிய அக்குடும்பங்கள், "இலவசக் கல்வி" என்ற சொல்லைக் கேட்டு எவ்வாறு சிரித்திருக்கும்!

வாசலில் நின்ற அளவுகோல்

தமிழ் மாணவனுக்கு இலவசம் என்ற கதவு திறந்திருந்த காலத்திலும் வாசற்படியில் வேறோர் அளவுகோல் நின்றது என்பதை வரலாறு மறக்கவில்லை. 1970-71 ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவ பீடத்திற்குப் புகத் தமிழ் மாணவன் 400 க்கு 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. தரப்படுத்தல் என்று அதற்குப் பெயரிட்டனர். அந்த 21 புள்ளிகள் ஒரு தலைமுறையின் நெஞ்சில் மூட்டிய தீ எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

இன்றைய முறையிலே பெரும்பாலான துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. முல்லைத்தீவும் மன்னாரும் கிளிநொச்சியும் அப்பின்தங்கிய வரிசையில் உள்ளன. மாவட்ட ஒதுக்கீட்டினால் எம் சிறிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் பயன்பெறுகின்றனர் என்பதையும் நேர்மையோடு சொல்லிவிடுகின்றோம்.

ஆனால் எந்த முறையில் பங்கிட்டாலும், பங்கிடும் பண்டமே சிறிது. 2021, 2022 ஆம் ஆண்டுகளின் உயர்தரப் பரீட்சைகள் ஒவ்வொன்றிலும் 1,60,000 க்கு மேற்பட்ட மாணவர் பல்கலைக்கழகம் புகும் தகுதியைப் பெற்றனர். இடம் கிடைத்தது சுமார் 45,000 பேருக்கே. தகுதி பெற்ற நால்வரில் ஏறக்குறைய மூவர் வாசலில் நின்று திரும்பினர். அவர்களுக்கு "இலவசக் கல்வி" என்பது பத்திரிகையில் வாசிக்கும் ஒரு சொல். அவர்களின் தகப்பன்மாரும் வரி கட்டினர். அந்த வரி திரும்பி அவர்கள் வீட்டுக்கு வரவில்லை.

மலைநாட்டைப் பாருங்கள். 1945 இல் நாடு இலவசக் கல்வி பெற்றபோது தோட்டப் பாடசாலைகள் அந்த வெளிச்சத்துக்குப் புறம்பாகவே கிடந்தன. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோர் ஆக்கிற்று. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத்தொடங்கியது 1970 களிலேதான். நுவரெலியா மாவட்டத்துக்கும் பதுளை மாவட்டத்துக்கும் எத்தனை இடம் என்று கணக்கிடும்போது லயத்தில் வாழும் தொழிலாளியின் தலையும் எண்ணப்படுகின்றது. அத்தலைகளால் வந்த இடங்களில் அவன் பிள்ளை எத்தனையில் அமர்கின்றது? விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளை எப்படிப் போட்டியிடும்? தலையை எண்ணி இடம் பெற்று, இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கும் கணக்கு என்ன கணக்கு என்று கேட்கின்றோம்.

கடன் என்னும் தூண்டில்

வாசலில் நின்று திரும்பிய மூவருக்கு அரசாங்கம் காட்டும் வழி கடன். 2017 ஆம் ஆண்டு தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டத்தின்படி, அவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களிற் படிக்கலாம். வட்டியை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்தும். முதலை மாணவன் உழைத்து அடைக்கவேண்டும்.

வட்டியில்லை என்பது இனிப்பான சொல்லே. ஆனால் கடனைப் பற்றிக் கமக்காரனுக்குப் பாடம் நடத்த எவரும் வேண்டியதில்லை. விதைப்புக்கு எடுத்த கடன் விளைச்சல் பொய்த்தால் என்ன செய்யும் என்பதை அவன் அறிவான். பட்டமும் ஒரு விதைப்புத்தான். பட்டம் பெற்றவனுக்கு வேலை கிடைக்கும் என்று எவர் பிணை நிற்கின்றார்? கச்சேரி வாயிலில் வேலை கேட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்த பட்டதாரிகளை நாம் கண்டிருக்கின்றோம். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவள் கடனோடு வெளியேறினால், இளையவள் படிக்கத் துணிவாளா? கடனோடு கைப்பிடிக்கவிருக்கும் பெண்ணை எம் சமூகம் எவ்வாறு நோக்கும் என்பதும் நாம் அறியாததன்று.

இன்னும் ஒன்று. இக்கடனால் அரசாங்கத்தின் பணம் எங்கே போகின்றது? வங்கிக்கு வட்டியாகவும், தனியார் நிறுவனத்துக்கு ஊக்கமாகவும் போகின்றது. அதே பணத்தைப் புலமைப்பரிசிலாகப் பிள்ளையின் கையிற் கொடுத்தால் என்ன? 1980 இல் அமைந்த திறந்த பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் நிறுவனமே. அதன் பட்டம் அரசாங்கப் பட்டமே. ஆயினும் அங்கே கட்டணம் அறவிடப்படுகின்றது. பகலில் வேலை செய்து இரவிற் படிக்கும் ஆசிரியையும் எழுதுவினைஞரும் தம் அற்ப சம்பளத்திலிருந்து அதனைக் கட்டுகின்றனர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை நகரத்துப் பெரிய கல்லூரியிற் படித்து, தனியார் வகுப்புக்குப் பணம் கொட்டி, பல்கலைக்கழகம் புகுந்து இலவசமாகப் படிக்கின்றது. வசதியற்ற பிள்ளை வேலைக்குப் போய், தன் உழைப்பிலிருந்து கட்டணம் கட்டிப் படிக்கின்றது. இந்தத் தலைகீழ் நீதியைத் திருத்துவதற்குக் கடன் மருந்தாகாது.

பிறநாடுகளின் பாடம்

"உலகம் எங்கும் கட்டணம் அறவிடுகிறார்கள்" என்று நம்மை மடக்கப் பார்ப்போருக்கு உலகத்தையே சாட்சிக்கு அழைப்போம்.

இங்கிலாந்திலே கட்டணமின்றி நடந்த பல்கலைக்கழகக் கல்விக்கு 1998 இல் ஆண்டுக்கு 1,000 பவுண் கட்டணம் புகுந்தது. சிறு தொகைதானே என்றனர். 2006 இல் அது 3,000 ஆயிற்று. 2012 இல் 9,000 ஆயிற்று. பதினான்கு ஆண்டில் ஒன்பது மடங்கு! கூடாரத்துக்குள் ஒட்டகத்தின் மூக்கு நுழைந்த கதை இதுதான். லண்டனில் வாழும் எம்மவரைக் கேளுங்கள். பட்டத்தோடு கடன் சீட்டையும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவருவதைச் சொல்வார்கள். அதே அரசின் கீழுள்ள ஸ்கொத்லாந்தோ, தன் பாராளுமன்றத்தின் தீர்மானத்தால் அங்கு வதியும் மாணவருக்கு 2008 முதல் கட்டணச் சுமையை முற்றாக நீக்கிவிட்டது. பணம் இருந்தவர் நீக்கினர், இல்லாதவர் விதித்தனர் என்பதன்று உண்மை. வேண்டும் என்றவர் நீக்கினர்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்துக் கல்லூரி 1847 முதல் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தது. 1976 இல் நகரத்தின் கஜானா காலியாகிய நெருக்கடியில் அந்த 129 ஆண்டு மரபு வெட்டி வீழ்த்தப்பட்டது. நெருக்கடி நீங்கியது, கட்டணம் நீங்கவில்லை. 2017 இல் அம்மாநிலம் ஒரு புலமைப்பரிசிலால் அதை ஓரளவு மீட்க முனைந்தபோது, எத்தனை ஆண்டு உதவி பெற்றாரோ அத்தனை ஆண்டு மாநிலத்தில் வதியவேண்டும், இன்றேல் உதவி கடனாக மாறும் என்னும் விலங்கோடுதான் கொடுத்தது. நெருக்கடியில் இழந்த உரிமை நெருக்கடி தீர்ந்தபின் தானாகத் திரும்பி வருவதில்லை. 2022 இன் நெருக்கடியைக் கடந்துவரும் நாம் மனத்திற் பதிக்கவேண்டிய பாடம் இது.

அந்நாட்டின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் ஏழை மாநிலங்களுள் ஒன்று. சுமார் 21 லட்சம் மக்கள். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி எமது வடக்கு, கிழக்கு மாகாணங்களின் 26 லட்சத்திலும் குறைந்த தொகை. 2022 ஆம் ஆண்டு அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி அங்கே வதிவோருக்கு அரசாங்கக் கல்லூரிகளின் கட்டணத்தை மாநிலமே புலமைப்பரிசிலாகச் செலுத்துகின்றது. பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆனவருக்கும், வேலை செய்துகொண்டு பகுதிநேரம் படிப்பவருக்கும் அது உண்டு. அதன் நுட்பம் ஒன்று உண்டு. டென்னசி மாநிலம் 2015 முதல் வழங்கிவரும் உதவி, ஏனைய உதவிகள் எல்லாம் கழிந்தபின் மீதிக் கட்டணத்தையே தருகின்றது. நியூ மெக்சிக்கோவோ கட்டணத்தை முதலிலேயே தான் ஏற்றுக்கொள்கின்றது. அதனால் மத்திய அரசாங்கத்தின் உதவிப்பணம் மாணவனின் உணவுக்கும் உறையுளுக்கும் நூலுக்கும் மிஞ்சுகின்றது. எண்ணெய்ப் பணம் உள்ள மாநிலம் அது என்பர். ஆம்; எண்ணெய்ப் பணம் உள்ள எல்லா நாடும் அதைக் கல்விக்கா செலவிடுகின்றது?

எம்மவர்க்கு ஒரு சொல்

அரசாங்கத்தைக் கேட்குமுன் எம்மைச் சற்றே கேட்டுக்கொள்வோம்.

அரசாங்கப் பணத்திற் பெற்ற பட்டத்தைச் சீதனச் சந்தையில் விலை கூறுவது எந்த நியாயம்? டாக்டர் மாப்பிள்ளைக்கு இவ்வளவு, என்ஜினியர் மாப்பிள்ளைக்கு இவ்வளவு என்று வீடும் காணியும் ரொக்கமும் கேட்கின்றனர். அம்மாப்பிள்ளையைப் படிப்பித்தவர் அவன் பெற்றோர் மாத்திரமா? பெண்ணைப் பெற்ற கமக்காரனும் வரி கட்டியல்லவோ படிப்பித்தான்? தன் பணத்தில் விளைந்த பண்டத்தைத் தானே விலை கொடுத்து வாங்கும் கொடுமை அவனுக்கு நேர்கின்றது. இலவசக் கல்விக்காகக் கொடி பிடிக்கும் எம் பட்டதாரிகள் இச்சந்தையை மூடாதவரை அவர்கள் குரலுக்கு வலிமை இராது.

பாடசாலையில் அரைப்பாடமும் மாலையில் தனியார் வகுப்பில் முழுப்பாடமும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் உளர். கட்டணம் கேட்கும் அரசாங்கத்தைக் கண்டிக்கும் அருகதை அவர்களுக்கு இல்லை. அவர்கள் ஏற்கெனவே கட்டணம் வாங்குகின்றனர்.

கடல் கடந்து சென்ற வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நாம் தூற்றமாட்டோம். யுத்தம் துரத்தியவர் பலர். 2022 இன் வறுமை துரத்தியவர் பலர். நியூயோர்க் மாநிலத்தைப் போல விலங்கிட்டு நிறுத்தவும் நாம் சொல்லோம். சட்டம் கேட்காத கடனையும் மனச்சாட்சி கேட்கும். பழைய மாணவர் சங்கங்கள் வளைவு கட்டுகின்றன, மண்டபம் கட்டுகின்றன, மைதானத்துக்கு விளக்குப் போடுகின்றன. அவ்வளைவினூடாக நடந்து பல்கலைக்கழகம் சென்ற பிள்ளை மத்தியானம் பாணும் சம்பலும் தின்று படுப்பதை அவ்விளக்கு காட்டவில்லை. ஊருக்கு ஒரு சனசமூக நிலையம் உள்ளது. அவ்வூரிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் உணவுச் செலவுக்கு அங்கே ஓர் ஏடு திறந்தால் போதும்.

ஆயினும், இது அரசாங்கத்தின் கடமைக்குப் பதிலாகாது என்பதையும் அழுத்திச் சொல்கின்றோம். தருமம் மனம் உள்ளவரைதான் வரும். உரிமை என்றும் வரவேண்டும்.

நாம் கோருவன

பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை என்னும் கொள்கையில் எவரும் கைவைத்தல் ஆகாது. இது முதலாவது. இதிலே தென்னிலங்கை மாணவரும் எம் மாணவரும் ஒரே அணியினர். ராகமையிலும் பின்னர் மாலபேயிலும் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரிகளை எதிர்த்து நின்றோர் பெரும்பாலும் சிங்கள மாணவரே என்பதை நன்றியோடு நினைவு கூருகின்றோம்.

மகாபொலவும் ஏனைய உதவிப்பணமும் மந்திரிமாரின் தயவில் ஆண்டுக்கொருமுறை ஏறுவனவாக இருத்தல் கூடாது. குடிசன மதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடும் விலைச் சுட்டெண்ணோடு அவை பிணைக்கப்படல் வேண்டும். உரிய மாதத்தில் உரிய திகதியில் வழங்கப்படல் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளம் மூன்று மாதம் பிந்தினால் நாடு பொறுக்குமா? மாணவன் மாத்திரம் ஏன் பொறுக்கவேண்டும்?

தகுதி பெற்றும் இடம் பெறாத பிள்ளைக்குக் கடனன்று, புலமைப்பரிசில் வேண்டும். அப்பிள்ளை திறந்த பல்கலைக்கழகத்திலோ வெளிவாரிப் பட்டத்திலோ அரசாங்கத் தொழில்நுட்ப நிறுவனத்திலோ படித்தால் அக்கட்டணத்தை அரசாங்கமே செலுத்தவேண்டும். அதற்குத் தகுதி, இந்நாட்டில் வதிதலும் பரீட்சையில் தேறியதுமே ஆகும். வயதும் தொழிலும் தடையாதல் ஆகாது.

மலைநாட்டிலும் வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் உள்ள பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் விடுதியும் முதலில் வேண்டும். ஓட்டப்பந்தயத்தின் தொடக்கக் கோட்டுக்கே வரமுடியாதவனுக்குப் பரிசு இலவசம் என்று கூறுவது பரிகாசம்.

பணம் எங்கே என்று கேட்பர். 2012 ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதம் வேலை நிறுத்தஞ் செய்து கேட்டது, நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 6 கல்விக்கு வேண்டும் என்பதே. அதன்பின் வந்த அரசாங்கம் எதுவும் அந்த அளவை எட்டவில்லை. அதே காலத்தில் விமானம் வராத விமான நிலையத்துக்கும், யுத்தம் இல்லாத நாட்டின் படைக்கும் பணம் இருந்தது. ஆகவே பணம் எங்கே என்று எம்மைக் கேட்கவேண்டாம். அதனை எங்கே வைத்தீர்கள் என்று நாமே கேட்கின்றோம்.

கமக்காரப் பெருமக்களே! அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதியையும் விளக்கையும் மாத்திரம் கேட்டு நில்லாதீர்கள். பல்கலைக்கழகத்திற் படிக்கும் உங்கள் பிள்ளையின் மாத உதவிப்பணம் விலைவாசியோடு ஏறுமா என்று கேளுங்கள். இடம் கிடையாத பிள்ளைக்குக் கடனா, புலமைப்பரிசிலா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கற்றறிந்த பெருமக்களே! அக்கேள்விகளைத் தொகுத்து எழுதிக் கொடுப்பது உங்கள் பணி. நீங்கள் படித்த படிப்புக்கு அவர்கள் முன்பே விலை கொடுத்துவிட்டார்கள்.